வைரஸ் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். கணவர் லாரி டிரைவர். ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். கர்ப்பப்பை ஆபரேஷனுக்காகப் போன வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்று சொல்லி, ஆபரேஷன் செய்யாமலே அனுப்பிவிட்டார்கள். தர்மபுரி அரசு மருத்துவமனையில் மறுபடி பார்த்ததில் எனக்கு இருப்பது இரண்டாம் வகை என்றார்கள். ஆபரேஷனும் அங்கேயே நடந்தது. இப்போது தினம் ஒரு மாத்திரையும், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. (ஹெச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துக்கு வருகிறவர்களில் எனக்குப் பழக்கமான யாருக்கும் இந்த வகை இல்லை. இந்தப் பக்கம் என்னைப் போல எத்தனை பேர் இருப்பார்கள்? என் தம்பி மருந்துக்கடையில் வேலை செய்கிறான். "டைப் 2-க்கு வீரியம் கிடையாது. வைரல் லோடிலும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. மாத்திரையை விட்டுவிடு" என்கிறான். இந்த வகை கோவா, மும்பைப் பக்கம்தான் இருக்கிறது, மாமா அங்கே லோடு போனதில் வந்திருக்கும் என்றும் சொன்னான். அதிலிருந்து மனசே சரியில்லை. மகளுக்கு 20 வயது, ஓசூரில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா டாக்டர் அம்மா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். மாத்திரையை நிறுத்தாதீர்கள். தம்பி பேச்சைக் கேட்டு ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், நாளைக் காலையிலேயே மையத்துக்குப் போய் எந்தத் தேதியிலிருந்து சாப்பிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து தேதியை மாற்றிச் சொல்லாதீர்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் அடுத்து என்ன டெஸ்ட் எடுப்பது என்று முடிவு செய்வார்கள்.

தம்பி உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் எந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மாத்திரையை விடச் சொல்கிறாரோ, அந்த வைரல் லோடு ரிப்போர்ட் உங்கள் வகை வைரஸைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

அந்த டெஸ்டில் மெஷின் என்ன செய்கிறது என்றால், வைரஸின் மரபணுவில் குறிப்பிட்ட ஒரு துண்டைத் தேடிப் பிடித்து, அதைப் பல மடங்கு பெருக்கி, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. நம் மையங்களிலிருந்து வழக்கமாக அனுப்பும் டெஸ்டில் தேடுவது டைப் 1 வைரஸின் துண்டை. டைப் 2-ன் மரபணு அதிலிருந்து நிறையவே வேறுபட்டது. மாம்பழ மண்டியில் மல்கோவா எத்தனை கூடை என்று மட்டும் எண்ணச் சொல்லி ஒரு ஆளை அனுப்பினால், அங்கே பெங்களூரா மலை மாதிரி குவிந்து கிடந்தாலும் 'ஒன்றும் இல்லை' என்றுதான் எழுதிக்கொண்டு வருவார். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 'கண்டறியப்படவில்லை' அந்த மாதிரியானது. டைப் 1 ரத்தத்தில் பிடிபடவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. டைப் 2 அடங்கியிருக்கிறதா, ஏறிக்கொண்டிருக்கிறதா என்பதற்கு அதில் பதில் இல்லை.

உங்களுக்குக் கணக்கு சி.டி.4 தான். நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை அது. நல்ல உடல்நிலையில் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் நுரையீரல், மூளை என்று தொற்றுகள் புகுந்துவிடும். டைப் 1 நோயாளிக்கு வைரல் லோடு தொடர்ந்து நன்றாக இருந்தால் சி.டி.4-ஐ அடிக்கடி பார்க்க வேண்டியதில்லை. உங்களுக்கு அப்படி விட்டுவிட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்திருக்கிறார்களா என்று உங்கள் ஏ.ஆர்.டி. புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே கேளுங்கள். "எனக்கு டைப் 2, சி.டி.4 எப்போது எடுக்கணும்?" என்று ஒரு வரி கேட்டால் போதும். நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கிற இடத்தில் எல்லோருக்கும் ஒரே படிவத்தை நிரப்பி ரத்தம் அனுப்பிவிடுவது நடக்கக்கூடியதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டெம்போ டிரைவர் என்னிடம் வந்தார். அவருடைய புத்தகத்தில் ஒரு பக்கம் வைரல் லோடு எல்லாமே 'இல்லை', 'இல்லை' என்று இருந்தது. எதிர்ப்பக்கத்தில் சி.டி.4 மட்டும் 420, 310, 190 என்று இறங்கிக்கொண்டே வந்திருந்தது. ஒரு வேளைகூட மாத்திரை தவறவில்லை என்று அவர் மனைவி சொன்னார். நான் நம்ப மாட்டேனோ என்று காலி டப்பாக்களைக்கூடக் கட்டைப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது எஃபாவிரென்ஸ் சேர்ந்த பழைய கூட்டு மாத்திரை. ரத்தத்தை வகை உறுதி செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். டைப் 2 என்று வந்தது. எஃபாவிரென்ஸும் அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த நெவிரபினும் டைப் 2 வைரஸை ஒன்றுமே செய்யாது. மூன்று மருந்து சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருந்தவர் உடம்பில் உண்மையில் வேலை செய்தது இரண்டுதான். மருந்தை மாற்றிய பிறகு எண்ணிக்கை ஏறியது, ஆனால் ரொம்ப மெதுவாக. டைப் 2-ல் இறங்கிய சி.டி.4 அவ்வளவு சுலபத்தில் பழைய நிலைக்கு வருவதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தக் கட்டைப்பைதான் ஞாபகம் வந்தது.

நீங்கள் இப்போது சாப்பிடுவது அநேகமாக டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த 'டி.எல்.டி.' மாத்திரையாக இருக்கும். 2020-லிருந்து அரசு மையங்களில் அதற்கு மாறிவிட்டார்கள். அது இரண்டு வகைக்கும் வேலை செய்கிறது. டப்பாவைத் திருப்பி அந்த மூன்று பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தம்பியையே படித்துச் சொல்லச் சொல்லலாம், மருந்துக்கடைக்காரர் அல்லவா.

நடுவில் விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் இந்த மருந்துகளுக்குப் பழகிவிடும். டைப் 1 என்றால் அப்போது வேறு மருந்துக்கு மாற நிறைய வழி உண்டு. டைப் 2-க்கு, மேலே சொன்ன எஃபாவிரென்ஸின் மருந்துக் குடும்பம் முழுக்கவே பயனில்லை. இன்னொரு குடும்பத்திலும் டாருனாவிர், லோபினாவிர் மாதிரி சிலதான் உதவும். கையில் இருக்கும் மருந்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம். உடம்பில் மஞ்சள் காமாலை பி வைரஸும் இருந்தால் ஆபத்து வேறு மாதிரி. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் அடக்கி வைக்கின்றன. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் வீங்கிவிடலாம்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் வயிற்றில் அதையும் டி.எல்.டி.யையும் சேர்த்துப் போட்டால், இரும்பு டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு இரண்டையும் ஒன்றாகப் போடலாம். இல்லையென்றால் டி.எல்.டி.யைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு மாத்திரை. கால்சியத்துக்கும் இதுவேதான். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்தைச் சாப்பாட்டோடும் சேர்க்க வேண்டாம். டி.எல்.டி. போட்டு இரண்டு மணி நேரம் போகட்டும். நாளைக்குச் சர்க்கரை வந்து மெட்ஃபார்மின் எழுதினாலோ, காசநோய்க்கு மருந்து தொடங்கினாலோ, டோலுடெகிராவிர் சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

இனி, எத்தனை பேர் என்ற கேள்விக்கு வருகிறேன். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2023 மதிப்பீட்டில் இந்தியாவில் ஹெச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். பெரியவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர். அவர்களில் டைப் 2 உள்ளவர்கள், நம் நாட்டு மருத்துவமனை ஆய்வுகளைப் பார்த்தால், பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழேதான். பல இடங்களில் ஒன்று, இரண்டு என்ற அளவு. ஆயிரம் பேர் மாத்திரை வாங்குகிற மையத்தில் உங்கள் வகை பத்து, இருபது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் தேதிக்கு வந்து போகும் அந்த இருபது பேரில் ஒருவர் நீங்கள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்வது அபூர்வம். உட்கார்ந்தாலும் 'எனக்கு இரண்டு' என்று யாரும் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. பலருக்குத் தங்கள் வகை எது என்றே தெரியாது. ஆக நீங்கள் தனி ஆள் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் டைப் 2-ஓடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு மருத்துவமனையில் 'நூற்றுக்கு இத்தனை பேர் டைப் 2' என்று எழுதியிருப்பதை எடுத்துக்கொண்டு ஊருக்கே அதுதான் அளவு என்று சொல்லக் கூடாது. பேப்பரிலோ வாட்ஸ்அப்பிலோ அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் அது எங்கே, யாரிடம், எந்த டெஸ்டில் எடுத்தது என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையத்தில் விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தைச் சின்ன அட்டையில் விடுகிறார்கள். சில கிட்டில் கோடு வரும், சிலதில் புள்ளி. டெஸ்ட் சரியாக நடந்ததைக் காட்ட ஒன்று, டைப் 1-க்கு ஒன்று, டைப் 2-க்கு ஒன்று. டைப் 1 வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் புரதம் சில பேருக்கு டைப் 2 கோட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் கோடு அடர்த்தியாக இருக்கும், இரண்டாவது வெளிறித் தெரியும். அதைப் பார்த்துவிட்டு 'இரண்டும் இருக்கிறது' என்று எழுதிவிட்டால், உண்மையில் டைப் 1 மட்டும் உள்ள ஒருவர் இரண்டு கணக்கிலும் ஏறிவிடுவார். அட்டையில் இரண்டும் காட்டியவர்களின் ரத்தத்தை உறுதி செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் நிறைய பேருக்கு டைப் 1 மட்டும்தான் என்று திரும்பி வரும். அட்டையை மட்டும் வைத்து எண்ணிய இடத்தில் டைப் 2 கூடுதலாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

குறைவாகத் தெரியவும் காரணம் உண்டு. டைப் 2 மெதுவாக நகரும் வைரஸ். பத்து வருடம், அதற்கு மேலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள் பலர். உடம்பு நன்றாக இருக்கிறவர் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறார்? ஆபரேஷன், ரத்ததானம், கர்ப்பம் என்று ஏதாவது ஒன்றுக்காக ரத்தம் எடுக்கும்போதுதான் வெளியே தெரியும். உங்களுக்கு நடந்ததும் அதுதானே. அப்படி ஆபரேஷன் தேவைப்படாமல், பரிசோதனைக்கே வராமல் இருப்பவர்கள் எந்த மையத்தின் கணக்கிலும் இல்லை. சந்தேகமான கேஸ்களை மற்ற மையங்கள் அனுப்பி வைக்கும் பெரிய மருத்துவமனைகளிலோ எண்ணிக்கை தானாகவே கூடிவிடும். நோயாளிகள் வந்து சேரும் இடத்தின் எண்ணிக்கை ஊரின் எண்ணிக்கை ஆகாது.

உங்கள் மட்டில், ஊரில் எத்தனை பேர் என்பதைவிட உங்கள் ஒரு ரிப்போர்ட் சரியானதா என்பதுதான் எனக்கு முக்கியம். தர்மபுரியில் உங்களுக்கு 'இரண்டு' என்று சொன்னது அட்டையைப் பார்த்தா, அல்லது உறுதி செய்யும் ஆய்வகத்துக்கு ரத்தம் அனுப்பி வந்த முடிவா? ஆய்வக ரிப்போர்ட் புத்தகத்தில் ஒட்டியிருந்தால் நல்லது. இல்லையென்றால் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். 'டைப் 1 மட்டும்' என்று வந்தால் உங்கள் வைரல் லோடு ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே மாறிவிடும், அது உண்மையிலேயே நல்ல செய்தி ஆகிவிடும். இரண்டும் இருக்கிறது என்று வந்தால் வைரல் லோடையும் பார்க்க வேண்டும், சி.டி.4-ஐயும் பார்க்க வேண்டும். எதுவாக வந்தாலும் மாத்திரை தொடரும். டைப் 2 என்று உறுதியானால், புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர்கள் மாற்றலாகிப் போவார்கள். புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் அது பட வேண்டும்.

'வீரியம் இல்லாதது' என்பதைப் பற்றி. டைப் 2-ல் ரத்தத்தில் வைரஸின் அளவு பொதுவாகக் குறைவு. அதனால் உடலுறவில் தொற்றுவதும் தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதும் டைப் 1-ஐவிடக் குறைவு. தம்பி சொன்னதில் உண்மை இருக்கிறது என்றேனே, அது இதுதான். ஆனால் சி.டி.4 இறங்க ஆரம்பித்துவிட்டால் இரண்டு வகைக்கும் முடிவு ஒன்றே. டைப் 2-லும் எய்ட்ஸ் வருகிறது, காசநோய் வருகிறது. கடைசி வரை நன்றாகவே இருந்துவிடுகிறவர் யார், பத்தாவது வருடத்தில் சரியப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல ஒரு டெஸ்டும் கிடையாது. அதனால்தான் இப்போது சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள்.

கோவா விஷயத்துக்கு வருகிறேன். இந்த வைரஸின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே சூட்டி மாங்கபி என்ற ஒரு குரங்கினத்திலிருந்து மனிதனுக்கு வந்தது. டைப் 1 வந்தது சிம்பன்சியிடமிருந்து. மேற்கு ஆப்பிரிக்க நோயாளிகளின் ரத்தத்தில் டைப் 2-ஐ 1986-ல் போர்ச்சுகல், பிரான்ஸ் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். நம் நாட்டில் முதன்முதலாக ஹெச்.ஐ.வி. சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 1986-ல்தான். டைப் 2 இந்தியாவிலும் இருப்பது 1990களின் தொடக்கத்தில் மும்பைப் பக்கத்து ரத்த மாதிரிகளில் தெரிந்தது. அந்த வகை அதிகம் பரவியிருந்த கினி-பிசாவ் நாட்டைப் போலவே கோவாவும் ஒரு காலத்தில் போர்ச்சுகீசியர் கையில் இருந்தது என்பதால் அந்த வழியாக வந்திருக்கலாம் என்று பேசுவார்கள். தம்பி எங்கேயோ படித்தது அதுவாக இருக்கும்.

ஆனால் முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தக் கதையை உங்கள் வீட்டுக்காரர் மேல் பொருத்த எந்த நியாயமும் இல்லை. வேலூர், சென்னை மருத்துவமனைகளே பல வருடங்களாக டைப் 2 நோயாளிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் மாநிலத்தை விட்டு வெளியே போகாதவர்களாக இருப்பார்கள். இது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று உங்கள் ரத்தத்தில் இருக்கும் '2' சொல்லாது. உங்கள் கணவர் டெஸ்டே எடுத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு இது இருந்ததா என்பதே நமக்குத் தெரியாது. பதில் சொல்ல ஆள் இல்லாத ஒருவரை லோடு ரசீதை வைத்து விசாரிக்க வேண்டாம் என்று தம்பியிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னதாகவும் சொல்லுங்கள். அவரோடு வாழ்ந்த வருடங்கள் நல்லபடியாக இருந்தன என்றால் அது அப்படியே இருக்கட்டும்.

ஆபரேஷன் செய்யாமல் அனுப்பியது சட்டப்படி தவறு. 2017-ல் வந்து 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் இந்த விவரத்தை வெளியே சொல்வதையும் பொதுவாக அது தடுக்கிறது. இனி எங்காவது அப்படி நடந்தால் மையத்து ஆலோசகரிடம் சொல்லுங்கள், அல்லது 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக மகள். ஆம், ஒரு முறை டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது. பயப்படுத்தச் சொல்லவில்லை. மருந்தே இல்லாமல் இருந்தால்கூட டைப் 2 தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. டைப் 1-ல் அது 15 முதல் 45 வரை. அதுவும் அவள் பிறக்கும் முன்பே உங்களுக்குத் தொற்று இருந்திருந்தால்தான் இந்தப் பேச்சே. அவள் வயிற்றில் இருந்தபோது போட்ட கர்ப்பகால அட்டையோ பழைய ரத்த ரிப்போர்ட்டோ பீரோவில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதில் ஹெச்.ஐ.வி. 'நெகட்டிவ்' என்று இருந்தால் பாதிக்கு மேல் பாரம் இறங்கிவிடும். இருந்தாலும் தொந்தரவே காட்டாமல் வருடக்கணக்கில் இருக்கக்கூடிய வகை என்பதால், நன்றாக இருக்கிறாள் என்பதை வைத்து விட்டுவிட வேண்டாம்.

அவளுக்கு 20 வயது. அவள் சம்மதம் இல்லாமல் யாரும் டெஸ்ட் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. காய்ச்சல் டெஸ்ட் என்று ஏதாவது சொல்லி எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் தெரிய வந்தால் நோயைவிட அந்தப் பொய்தான் அவளுக்கு வலிக்கும். ஆக அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். நர்சிங் படிக்கிற பெண். இந்த வைரஸைப் பற்றி நம் சொந்தக்காரர்கள் எல்லோரையும்விட அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். போனில் சொல்ல வேண்டாம். லீவுக்கு வரும்போது, பரீட்சை நேரமாக இல்லாமல் பார்த்து, நேரில் சொல்லுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் உங்கள் மாத்திரை டப்பாவையும் புத்தகத்தையும் அவள் கையில் கொடுங்கள், மீதியை அவளே கேட்பாள். தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால் மையத்து ஆலோசகர் முன்னால் வைத்துப் பேசலாம். அதற்கென்றே அவர்கள் இருக்கிறார்கள்.

டெஸ்டை அவள் தர்மபுரியில் எடுக்கலாம், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சப்பட்டால் ஓசூர் அரசு மருத்துவமனையிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள நம்பிக்கை மையத்தில் எடுக்கலாம். காசு கிடையாது. ரிப்போர்ட் அவள் கையில்தான் வரும், கல்லூரிக்குப் போகாது. அம்மாவுக்கு டைப் 2 என்பதை மட்டும் அங்கே அவள் சொல்லட்டும், இரண்டாவது கோட்டையும் கவனித்துப் பார்ப்பார்கள். இந்த வயதில் நெகட்டிவ் என்று வந்துவிட்டால் உங்களிடமிருந்து அவளுக்கு வரவில்லை என்பது உறுதி. இதற்காக அவள் மறுபடி டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை.